சண்டிலிப்பாயார் முன் அடக்கிய தும்மல்

மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று வாரத்துக்கு, முன் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர் அம்மன் கோயில் தேர். காலை எட்டு மணி வெயிலில், ஈரச் சேலையோடு, வீதி மணலில் நான் நிற்கிறேன். என்னைச் சுற்றி இன்னும் முப்பது நாற்பது பெண்கள். எல்லாரும் அடி அழிக்க வந்தவர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. அடி அழிப்பதென்றால் ஓரடி வைத்து நிலத்தில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி வைத்து, மறுபடி விழுந்து... இப்படியே கோயில் வீதியைச் சுற்றி வருவது. நெற்றி மண்ணில் படவேண்டும்.

எனக்கு அன்று மூக்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சளி இல்லை, வெறும் தண்ணீர். குனிந்தால் சொட்டுச் சொட்டாக விழும். நிமிர்ந்தால் தொண்டைக்குள் இறங்கும். உப்புக் கரிக்கும்.

பக்கத்தில் நின்ற மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, ஒரு துவாயை நீட்டினார்.

"தடிமன் தானே பிள்ளை. துடைச்சுப்போட்டுக் கும்பிடும். அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

தடிமனா, வெறும் ஜலதோஷமா? ஐந்து கிழமைக்கு முன்புதான் மூளைக்குக் கீழே வளர்ந்திருந்த ஒரு கட்டியை மூக்கு வழியாக எடுத்திருந்தார்கள். குனியக் கூடாது என்று டொக்டர் எழுதித் தந்த தாள் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், பத்திரமாக ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஒளித்து வைத்தது நான்தான்.

பிறகு ஏனம்மா அங்கே போய் நின்றாய் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் உங்களிடம் ஒரு மன்னிப்பு. சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. 'கண் சிகிச்சைக்காக விடுமுறையில் இருக்கிறார்' என்று ஆசிரியர் சின்னப் பெட்டி கட்டிப் போட்டிருந்தார். அது அவர் பிழை இல்லை, நான் சொன்ன பொய். ஊருக்கு மூக்கு என்று சொன்னோம், உங்களுக்குக் கண் என்று சொன்னோம். இடையில் இருந்த உண்மையை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கதை போன வருஷம் தொடங்கியது. என் ஸ்கூட்டி எங்கள் வீட்டுக் கேற்றில் உரசத் தொடங்கியது. ஒரு முறை இடப்பக்கம், இன்னொரு முறை வலப்பக்கம். கேற் அதே இடத்தில்தான் இருந்தது, நானும் குடித்துவிட்டு ஓடவில்லை. "பொம்பிளையளுக்கு ஸ்கூட்டி குடுத்தா உதுதான்" என்று இவர், என் கணவர், சொன்னார். அவர் சைக்கிளில் போய் றோட்டுக் குழிக்குள் விழுந்த நாட்களை நான் நினைவூட்டினேன். விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்தது கந்தோரில். நான் தபால் கந்தோர்க் கவுண்டரில் இருக்கிறவள். ஓரமாக வந்து நிற்பவர்களை எனக்குத் தெரியவில்லை. நேரே வந்தவருக்கு முத்திரை கொடுப்பேன், பக்கத்தில் பத்து நிமிஷமாக நிற்பவரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன். றோட்டிலும் அப்படித்தான். சிரிக்கிறவர்களுக்குச் சிரிப்பதில்லை, கையைக் காட்டுகிறவர்களுக்குத் தலையாட்டுவதில்லை.

எங்கள் ஊர் உரும்பிராய் என்ன முடிவெடுத்தது? 'பேப்பரிலை எழுதத் தொடங்கினாப் பிறகு அவவுக்கு ஆக்களைத் தெரியிறேல்லை.' அவ்வளவுதான் தீர்ப்பு. 'உமக்குக் கண் தெரியேல்லையோ?' என்று ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர், என்னைக் கேட்டிருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு முறை கண்ணாடியை மாற்றித் தந்தார். இரண்டும் அழகாக இருந்தன. கேற் மட்டும் தொடர்ந்து உரசிக்கொண்டிருந்தது.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு கண் டொக்டர் என்னை ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால் இருத்தி, நேரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், கண்டால் பொத்தானை அமத்த வேண்டும். நான் பொத்தானோடு காத்திருந்தேன். வெளிச்சத்தைக் காணவில்லை. மெஷின் பழுதாக்கும் என்று நினைத்தேன். பழுது எனக்குத்தான். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் இருண்டிருந்தது.

பிறகு ஸ்கான். மூக்குக்குப் பின்னால், மூளைக்குக் கீழே, மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சின்ன எலும்புக் குழி இருக்கிறதாம். அதில் பிட்யூட்டரி என்ற சுரப்பி. அதில்தான் கட்டி. அது மேலே வளர்ந்து, இரண்டு கண் நரம்பும் சந்திக்கிற இடத்தைக் கீழிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"உது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை," என்றார் டொக்டர். "ஆனா உப்பிடியே விட்டா மிச்சப் பார்வையும் போகும். போனதெல்லாம் திரும்பி வருமெண்டும் சொல்லேலாது. சுணங்காதேங்கோ."

அன்று பின்னேரம் எங்கள் வீட்டு ஹோலில் மாநாடு. நான், இவர், மகள் ஆரணி, மச்சாள். மச்சாள் எங்கள் வீட்டு மாநாடுகளுக்கெல்லாம் நிரந்தரத் தலைவர். அவர் எப்போதும் சுவரோரமுள்ள அதே கதிரையில்தான் இருப்பார். வேறு யாரும் அதில் இருந்தால் எழுப்பிவிட்டு இருப்பார். தனக்குப் பிடிக்காத பேச்சு என்றால் அவருக்குக் காதில் விழாது. பிடித்த பேச்சென்றால் அடுத்த அறையிலிருந்தும் விழும். இது நான் கடைசி இரண்டு வருஷமாகக் கண்ட உண்மை என்று அப்போது நினைத்திருந்தேன்.

கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, எப்படி எடுப்பது... ஒரு கேள்வியும் இல்லை. மச்சாள் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தலைக்குள்ளை கட்டியெண்டு வெளியிலை போச்சோ, பிள்ளையின்ரை விசயம் முடிஞ்சுது. பரம்பரை வருத்தம் எண்டு சொல்லி ஆக்கள் படலையிலையே திரும்பிப் போவினம். பீனசம், மூக்கடைப்பு எண்டு சொல்லுங்கோ. பீனசம் ஆருக்கு இல்லை?"

ஆரணிக்குச் சண்டிலிப்பாயில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல பெடியன். என் கட்டி பரம்பரையாக வருவதில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் டொக்டர் சொன்னதையா ஊர் கேட்கப்போகிறது?

"எனக்காண்டி ஒருத்தரும் பொய் சொல்லத் தேவையில்லை, மாமி," என்றாள் சுவரில் சாய்ந்து நின்ற ஆரணி. மச்சாளின் காதில் அது விழவில்லை.

நான் என்ன செய்தேன்? வாரா வாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவள், மூடநம்பிக்கைகளை இதே பக்கத்தில் கிழித்துத் தோரணம் கட்டியவள், 'ஓம் மச்சாள்' என்றேன்.

கொழும்புக்குப் போனோம். ஆரணிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் வேலை செய்வது சுன்னாகத்தில் ஒரு வங்கியில். நானும் இவரும்தான்.

அங்கே இரண்டு டொக்டர்மார் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவர் மூக்குக்கு, மற்றவர் மூளைக்கு. மூளை டொக்டர் ஒரு தாளை எடுத்து இரண்டு தட்டு வீடொன்று கீறினார்.

"மேல்மாடி மூளை. கீழ்மாடி மூக்கு. இடையிலை இருக்கிற கொங்கிறீற் பிளாட்டிலைதான் உங்கடை கட்டி. மேலாலை போறதெண்டா கூரையைத் திறக்கவேணும். கீழாலை போனா, கமெராவோடை போய் பிளாட்டிலை ஒரு சின்ன ஓட்டை போட்டு எடுக்கலாம். ஆனா வெளியிலை வரேக்கை அந்த ஓட்டையை வடிவா அடைக்கவேணும். இல்லாட்டி மேல்மாடித் தண்ணி கீழ்மாடிக்கு ஒழுகும்."

அடைப்பதற்குத் தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுப்பார்களாம், மூக்கின் உள் தோலையும் திருப்பி மூடுவார்களாம். கட்டி இரத்தக் குழாயோடு ஒட்டியிருந்தால் முழுதாக எடுக்கமாட்டார்கள், கொஞ்சம் விட்டுவிட்டு ஸ்கானில் பார்த்துக்கொண்டு வருவார்கள். எல்லாக் கட்டியையும் இப்படி மூக்கால் எடுக்க முடியாது, சிலதற்குத் தலையைத் திறக்கத்தான் வேண்டும். இரத்தம் போகலாம், பார்வை குறையலாம், சுரப்பி வேலை செய்யாமல் போய் வாழ்நாள் முழுக்கக் குளிசை போட வேண்டி வரலாம், தண்ணீர் ஒழுகினால் அந்த வழியாகக் கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். எதையும் மறைக்காமல் அந்த மனிதர் சொன்னார். எங்கள் பகுதியில் அப்படிக் கதைக்கிறவர்களைக் கண்டு எனக்குக் கனகாலம்.

எல்லாம் சொல்லி முடித்து, "ஏதும் கேக்கவேணுமோ?" என்றார்.

இவர் தொண்டையைச் செருமினார். "வெளியிலை தழும்பு தெரியுமோ, டொக்டர்?"

"தெரியாது. மூக்குக்குள்ளைதானே."

இவருடைய முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனைவி பிழைப்பாள் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது. எனக்கு அப்போது அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. கையில் ஊசி ஏற்றியிருந்ததால் தப்பினார்.

ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு. வாயால்தான் மூச்சு. நாக்கு காய்ந்த தோல். தலைக்குள் பாரம், தொடையில் ஒரு சின்ன வெட்டு. ஒரு நேர்ஸ் குனிந்து விரல்களைக் காட்டி "இது எத்தனை?" என்றார். சொன்னேன். அவர் நகர்ந்தபோதுதான் அது நடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிவப்புத் துவாய் தொங்கியது. நான் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே, ஓரக்கண்ணில், அதைக் கண்டேன். ஒரு பழைய துவாயைக் கண்டு ஒரு மனிசி இவ்வளவு சந்தோஷப்படலாமா? அழுதேன். மூக்கு அடைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

இனி இந்த ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். முதல் சில நாள் எவ்வளவு குடிக்கிறீர்கள், எவ்வளவு சலம் போகிறது என்று ஒவ்வொரு முறையும் அளப்பார்கள். வெட்கப்பட வேண்டாம், அந்தச் சுரப்பிதான் உடம்புத் தண்ணீரைக் காவல் காக்கிறதாம். மணம் தெரியாது. எனக்கு இன்னும் கோப்பி சுடுதண்ணியாகத்தான் இறங்குகிறது, மெல்ல மெல்ல வரும் என்கிறார்கள். பல்லுத் தீட்டிவிட்டு வந்து படுக்கவேண்டிய களைப்பு பல கிழமைக்கு இருக்கும். சுரப்பிக்காகத் தருகிற காலைக் குளிசையை நினைத்தபடி நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு விடும்போது அந்தத் தாளைத் தந்தார்கள். குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயை ஆவென்று திறந்து தும்மவேண்டும். மூக்கால் தண்ணீர் போல ஒழுகினால், காய்ச்சல் வந்தால், கழுத்து விறைத்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். 'உடனே'க்குக் கீழே இரண்டு கோடு.

உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தோம். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அப்பிள், முந்திரிப்பழம், பிஸ்கட் பெட்டி. இவற்றோடு ஆளுக்கொரு வைத்தியம். நொச்சி இலை போட்டு ஆவி பிடி. வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, அரைத்துப் பத்துப் போடு. 'நல்லாச் சிந்தித் தள்ளும் பிள்ளை, உள்ளை கிடக்கிறதெல்லாம் வெளியிலை வரவேணும்.' கனடாவிலிருந்து ஒரு உறவு ஏழு நிமிஷக் குரல் பதிவு அனுப்பியிருந்தார், மூக்குக்குள் நல்லெண்ணெய் விடுவது எப்படி என்று. இதில் ஒன்றைச் செய்திருந்தாலும் மேல்மாடி ஒழுகியிருக்கும்.

அவர்களைத் திட்டலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் பீனசத்துக்குச் சொல்லவேண்டியதைத்தான் அவர்கள் சொன்னார்கள். பீனசம் என்று சொன்னது நாங்கள்.

ஒரு பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கெட்டிக்காரி. நான் கால் இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு, "பீனசத்துக்கு ஏன் கால் இழுக்குது?" என்று கேட்டாள். மச்சாள் கண் சிமிட்டாமல் சொன்னார், "ஊசி போட்ட இடம் பழுத்துப்போச்சு." இப்படி ஒரு திறமையை வைத்துக்கொண்டு அவர் ஏன் அரசியலுக்குப் போகவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

தேருக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை பின்னேரம், சண்டிலிப்பாயிலிருந்து பெடியனின் தாய், தகப்பன், தாய்மாமன் மூன்று பேரும் வந்தார்கள். சுவாமி அறையில் ஊதுபத்தி கொளுத்தியிருந்தது. மணம் எனக்குத் தெரியாது, ஆனால் புகை மூக்கைக் கிண்டத் தொடங்கியது. தாய்மாமன் கதிரையில் நிமிர்ந்து இருந்து வாயைத் திறந்தார்.

"அப்ப... நல்ல நேரத்திலை ஒரு நல்ல கதை கதைப்பமெண்டு வந்தனாங்கள்..."

சரியாக அந்த இடத்தில் எனக்குத் தும்மல் வந்தது.

நல்ல காரியம் எடுக்கும்போது தும்மினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதுவும் பெண்ணின் தாய். அதுவும் ஒற்றைத் தும்மல். மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்தது. வாயை ஆவென்று திறந்து தும்மவேண்டும் என்ற தாளின் வரி ஞாபகம் வந்தது. வந்தும் என்ன? மூக்கைப் பொத்தினேன். வாயை இறுக்கினேன். தும்மலை அப்படியே உள்ளே தள்ளினேன்.

தலைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மேலுதட்டில் இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி எடுங்கோ," என்று சிரித்தேன்.

வந்தவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். சகுனம் நன்றாக இருந்ததாம்.

அன்றிரவே இவருக்குச் சொன்னேன், ஒழுகுகிறது என்று. இவர் போய் அக்காவிடம் சொன்னார். மச்சாளிடம் பதில் தயாராக இருந்தது. நான் ஒப்பரேஷன் தியேட்டரில் கிடந்தபோது அவர் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார், நான் சுகமாக வந்தால் தேருக்கு அடி அழிப்பேன் என்று. கவனியுங்கள், அவர் அழிப்பார் என்றல்ல. நான் அழிப்பேன் என்று.

"தேர் முடியட்டும். ஊரிலை எல்லாருக்கும் நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டன். பீனசக்காரி ஏன் கும்பிட வரேல்லை எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது? தடிமனாத்தான் இருக்கும்."

தடிமனாக இருக்கட்டும் என்று நானும் விரும்பினேன். விருப்பம் இருந்தால் எதையும் நம்பலாம். இரண்டு நாள் மூன்று தலையணை வைத்துப் படுத்தேன். ஆரணிக்கு ஒளித்தேன். அவள் கேட்டால் பொய் சொல்லவேண்டி வரும், அவளிடம் பொய் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்படித்தான் வெள்ளிக்கிழமை நான் அந்த மணலில் நின்றேன். முதல் அடி வைத்து விழுந்தேன். எழும்பியபோது நெற்றி வைத்த இடத்தில் மணல் நனைந்திருந்தது. ஈரச்சேலைத் தண்ணீர் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். தலை சுற்றியது. இரண்டாவது அடிக்கு முழங்காலை ஊன்றினேன்.

"அம்மா, எழும்புங்கோ."

ஆரணி. வீட்டுச் சட்டையோடு. தேர் வீதிக்கு வீட்டுச் சட்டையோடு ஓடி வந்த முதல் பெண் எங்கள் ஊரில் அவளாகத்தான் இருக்கும். தேருக்கு உடுத்த என் சேலை ஒன்றைத் தேடி அலுமாரியைத் திறந்திருக்கிறாள். கையில் அந்தத் தாள்.

"காலமை உங்கடை தலாணி நனைஞ்சு கிடந்தது. எத்தினை நாளா ஒழுகுது?"

நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். ஆரணி மச்சாளின் இடப்பக்கம், தோளோடு தோளாக நின்றுதான் கேட்டாள். மச்சாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கும்பிடும் பிள்ளை, பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்," என்றார். என்ன நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரணி குரலை உயர்த்தினாள். கத்தவில்லை, வங்கியில் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி கதைப்பாளே, அந்தக் குரல்.

"என்ரை அம்மாவுக்குப் பீனசம் இல்லை. தலைக்கை கட்டி எடுத்தது. மூக்காலை வாறது தடிமனும் இல்லை, மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி. அவ குனியக் கூடாது. ஆராவது ஒரு ஓட்டோ பிடிச்சுத் தாங்கோ."

முப்பது நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐந்து கிழமை காத்த இரகசியம் அரை நிமிஷத்தில் முடிந்தது. வெட்கமாக இருந்ததா? இல்லை. உண்மையைச் சொன்னால், முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. என் பிள்ளையின் சம்பந்தத்துக்காக நான் பொய் சொன்னேன். அவள் தன் சம்பந்தத்தை மணலில் போட்டுவிட்டு என்னைத் தூக்கினாள்.

ஓட்டோ கோண்டாவிலைத் தாண்ட முன்பே செய்தி சண்டிலிப்பாய்க்குப் போய்விட்டது.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் என்னைக் குனிய வைத்து, சொட்டுவதை ஒரு சின்னப் போத்தலில் பிடித்துப் பரிசோதித்தார்கள். மேல்மாடித் தண்ணீரேதான். "எப்ப தொடங்கினது?" என்று கேட்டார் ஒரு இளம் டொக்டர்.

"புதன்கிழமை."

"ரெண்டு நாளா என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? அவர் தலையை ஆட்டியதில் இருந்த ஏளனம் எனக்கு உரியதுதான்.

கொழும்பு டொக்டரோடு போனில் கதைத்து, இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் மெல்லிய குழாய் ஒன்று வைத்தார்கள். அந்தத் தண்ணீரை அந்த வழியால் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தால் மேலேயுள்ள ஓட்டை தானாக மூடக்கூடுமாம். மூடாவிட்டால் மறுபடி கொழும்பு, மறுபடி மூக்கு. இரண்டு நாள் பயந்தே கிடந்தேன். மூன்றாம் நாள் சொட்டு நின்றது. காய்ச்சல் வரவில்லை. 'நீங்கள் அதிர்ஷ்டக்காரி' என்றார் அந்த இளம் டொக்டர். கெட்டிக்காரி என்று அவர் சொல்லவில்லை.

சண்டிலிப்பாயிலிருந்து இன்றுவரை போன் இல்லை. நான் ஒரு நாள் மெல்லக் கவலைப்பட்டபோது ஆரணி கணக்கெடுக்கவே இல்லை. "ஒரு தும்மலைத் தாங்காத சம்பந்தம் வேறை என்னத்தையம்மா தாங்கும்?" என்றாள்.

ஆனால் வேறு போன்கள் வந்தன. தெரிந்தவர்கள், அரைகுறையாகத் தெரிந்தவர்கள். எல்லாரும் குசுகுசு என்று ஒரே மாதிரி. 'எங்கடை தம்பிக்கும் உப்பிடி ஒண்டு இருந்ததுதான்.' 'மருமகளுக்குத் தலைக்கை ஏதோ எண்டவை, எந்த டொக்டர்?' முடிவில் தவறாமல், 'ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.' இத்தனை வீட்டில் இத்தனை தாள் சேலைக்கு அடியில் கிடக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரன் என்ன சாப்பிட்டான் என்று தெரியும், அவன் பிள்ளைக்கு என்ன புள்ளி என்று தெரியும், அவன் எதைப் பயந்து நித்திரையில்லாமல் கிடக்கிறான் என்று மட்டும் தெரியாது. இதற்குப் பெயர் கௌரவமாம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மச்சாள் வந்தார். தேருக்குப் பிறகு முதல் தடவை. வழக்கமான சுவரோரக் கதிரை. நான் ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். சொல்லவேண்டியவற்றை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

மச்சாள் தன் இடது காதைத் தொட்டார்.

"உந்தக் காது எனக்கு ரெண்டு வருசமாக் கேக்கிறேல்லை. உள்ளை ஒரே இரைச்சல். நடக்கேக்கையும் ஒரு பக்கம் சரியுது... உம்மடை தாளிலை உப்பிடி ஏதும் போட்டிருக்கோ?"

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தது ஒன்றும் இனிப் பயன்படாது. சுவரோரக் கதிரை — அதில் இருந்தால் இடப்பக்கம் சுவர், ஆட்களெல்லாம் அவருடைய வலப்பக்கம் வருவார்கள். பிடிக்காத பேச்சு காதில் விழாததற்கும், தேர் வீதியில் ஆரணி பக்கத்தில் நின்று கேட்டதைக் கேளாமல் 'கும்பிடும்' என்றதற்கும் காரணம் இந்தக் காதுதான். பக்கம் தெரியாதவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்று ஊர் சொன்னபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது? அதே வேலையை நான் மச்சாளுக்கு இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் மச்சாள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? செவிடி எண்டுவாங்கள்."

நான் அந்தக் கொழும்பு டொக்டருக்குப் போன் எடுத்தேன். ஒரு காது மட்டும் கேளாமல் போவதை வயசு என்று விடக்கூடாது என்றார் அவர். சின்னக் காரணமாகவும் இருக்கலாம், காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில், அதே அடித்தளத்தில், ஒரு கட்டியாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். அடுத்த கிழமை ஸ்கான். நானும் கூடப் போகிறேன்.

வாசல்வரை போன மச்சாள் திரும்பி நின்றார். "ஊருக்கு என்னெண்டு சொல்லுவம்? பல்லுப் பிடுங்கப் போறம் எண்டு சொல்லுவமோ?"

அந்தத் திறமை அப்படியே இருந்தது. ஆனால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"இந்தமுறை உள்ளதைச் சொல்லுவம், மச்சாள். நான் எழுதட்டோ?"

"எழுதும். என்ரை பேரைப் போட்டிடாதையும்."

போடவில்லை. உரும்பிராயில் எனக்கு ஒரேயொரு மச்சாள்தான் என்பது வேறு விஷயம். ஆகவே ஊரவர்களுக்கு ஒரு வேண்டுகோள் — அவரோடு கதைப்பதென்றால், தயவுசெய்து வலப்பக்கம் வந்து கதையுங்கள்.